ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு வந்தது மறதி நோயா?

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அப்பாவுக்கு 74 வயது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம். விழுந்த அன்று காலை வரைக்கும் வயலுக்குப் போய்வந்த ஆள். வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் நடந்தது. இரண்டாம் நாள் ராத்திரி கத்த ஆரம்பித்தார், டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தார், உங்கள் அக்காவை "யாரும்மா நீ?" என்று கேட்டார். கையிரண்டையும் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். கேட்டதற்கு "வயசாயிடுச்சுல்ல, மறதி நோய் ஆரம்பிச்சிருக்கு" என்று பதில். 11 நாள் கழித்து முதுகின் அடியில் புண்ணோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். இப்போதும் பொழுது சாய்ந்தால் குழம்புகிறார். இது மறதி நோயா, நாங்கள் எங்கே கோட்டை விட்டோம், யாரிடம் முறையிடுவது என்று கேட்கிறீர்கள்.

நான் டெல்டா மாவட்டங்களில் அரசு ஆஸ்பத்திரிகளில் 31 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் எலும்பு முறிவு வார்டு. உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, ஆனால் நீங்கள் சொல்கிற அந்த ராத்திரியைப் பல நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

மறதி நோய் ஒரே ராத்திரியில் வராது. அது மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் மெதுவாகப் புகுந்து வரும். திங்கட்கிழமை உரக்கடைப் பாக்கியை மனக்கணக்காகக் கூட்டிச் சொன்னவர் வியாழக்கிழமை பெற்ற மகளைத் தெரியவில்லை என்றால், அது வேறு விஷயம். டாக்டர்கள் இதை டெலிரியம் என்பார்கள். நம் பாட்டிமார்களுக்கு இது புதுசே இல்லை. "ஜன்னி கண்டு பிதற்றுறான்" என்பார்கள். காய்ச்சலிலோ வேறு நோயிலோ புத்தி தடுமாறினால் அதற்குப் பெயர் ஜன்னி. அவர்கள் அதை மூளைக் கோளாறாகப் பார்க்கவில்லை, உடம்புக்குள் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, அது தலை வழியாகத் தெரிகிறது என்றுதான் பார்த்தார்கள். அந்தப் பார்வை சரியானது. வயதானவர் திடீரென்று பிதற்றினால் "உடம்பில் என்ன ஆச்சு" என்று தேட வேண்டும். "வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. உங்கள் அப்பா விஷயத்தில் எனக்கு மனசு கொதிப்பது இதற்குத்தான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்திருக்கும். ஏறி இறங்கும்: காலையில் காப்பி குடிக்கும்போது நன்றாகப் பேசுவார், விளக்கு வைத்த பிறகு ஆளே மாறிவிடுவார். அப்புறம், கவனம் ஒரு இடத்தில் நிற்காது. இந்தக் கடைசி விஷயத்தைப் பார்க்க, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வது வழக்கம். நம் ஊர் விவசாயியிடம் டிசம்பர், நவம்பர் என்று கேட்பதில் அர்த்தமில்லை. "பங்குனியிலேர்ந்து பின்னாடி சொல்லுங்கப்பா" என்று கேட்க வேண்டும். பங்குனி, மாசி, தை, மார்கழி என்று சம்பா அறுவடையிலிருந்து நடவு வரைக்கும் அவர் கடகடவென்று இறங்கி வந்துவிட்டால் கவனம் சரியாக இருக்கிறது. இங்கிலீஷ் மாசம் தெரியாதவரை "ஞாபகம் இல்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

ஒருவரை மட்டும் சொல்கிறேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து வந்தவர். தொடை எலும்பு முறிவு. மூன்றாம் நாள் ராத்திரி அவர் கத்தவில்லை, கை மட்டும் ஓயாமல் வேலை செய்தது. போர்வையை இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார், காலில் தட்டுவார், சேர்த்து வைப்பார், விரலால் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார், மறுபடி இழுப்பார். "போர்வையைக் கிழிக்கிறார்" என்று எழுதிவைக்கப் போனேன். கீழே பாயில் படுத்திருந்த அவர் மனைவி எழுந்து பார்த்துவிட்டு, "நாத்து பறிக்கிறாங்க சிஸ்டர்" என்றார். சேற்றைக் காலில் அடித்து உதறி, நாற்றை முடியாகக் கட்டி, பக்கத்தில் அடுக்குகிறார். அப்படியே இருந்தது. படுக்கைத் துணியைப் பறிக்கிற அந்தக் கை, மருத்துவத்தில் ரொம்பப் பழைய அடையாளம், புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் அது என்ன வேலை என்று சொல்ல அந்த அம்மாவால்தான் முடிந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சோடியம் 118. இருக்க வேண்டியது 135-க்கு மேல். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்ய, அதிலிருந்து நாலாம் நாள் அந்த மனிதர் "நான் எங்கம்மா இருக்கேன்?" என்று நிதானமாகக் கேட்டார்.

நம் பக்கத்தில் "உப்புச் சத்து கொறைஞ்சிடுச்சு" என்று சொல்வது இதைத்தான். ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடுகிற சில நீர் மாத்திரைகள், வாந்தி, சரியாகச் சாப்பிடாதது எல்லாம் சோடியத்தை இறக்கும். இது ஒரு காரணம்தான். யூரின் டியூப் போட்ட இடத்தில் கிருமி, நெஞ்சில் சளி கட்டுவது, சர்க்கரை ரொம்ப இறங்குவது அல்லது ஏறுவது, ரத்தம் குறைவது, தண்ணீர் போதாமல் உலர்ந்துபோவது, நாலு நாளாக மலம் போகாதது, மூத்திரம் அடைத்து அடிவயிறு உப்பிக் கிடப்பது, வலிக்கு மருந்து போதாதது, வலி மருந்தே அதிகமானது என்று எல்லாமே ஒருவரைப் பிதற்ற வைக்கும். மலச்சிக்கலா புத்தியைக் கலைக்கும் என்று நினைக்காதீர்கள், எனிமா கொடுத்த மறுநாள் தெளிந்தவர்களைக் கையெண்ணிச் சொல்ல முடியாது.

மருந்துகளையும் பார்க்க வேண்டும். அரிப்புக்கும் அலர்ஜிக்கும் போடுகிற அவில் ஊசி இளம் ஆளுக்கு ஒரு தூக்கத்தோடு போய்விடும், 74 வயதுக்காரருக்கு அதுவே குழப்பத்தைக் கிளப்பலாம். ஃபெனர்கன் என்ற அலர்ஜி மருந்தும் அப்படித்தான். டையசிபாம், லோரசிபாம் போன்ற தூக்க மருந்துகளும் அப்படியே. கத்துகிறார் என்று தூக்க ஊசி, ஊசியால் இன்னும் குழப்பம், அதற்கு இன்னொரு ஊசி என்று ஒரு சுழலில் மாட்டிக்கொள்கிற நோயாளிகள் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, இப்போது சாப்பிடுகிற மாத்திரைகளில் இந்த வகை ஏதாவது இருக்கிறதா என்று ஒரு டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், சிலவற்றைச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து.

கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குக் குடிப்பழக்கம் உண்டா? தினமும் குடிக்கிறவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் குடி நின்றுபோய், இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வியர்வை, இல்லாத பூச்சிகளைச் சுவரில் காண்பது என்று வரும். அது உயிரையே எடுக்கக்கூடியது, சிகிச்சையும் வேறு. மேலே நான் எச்சரித்த தூக்க மருந்துகளே அதில் மருந்தாகும். குடும்பத்தார் மானத்துக்குப் பயந்து "அவர் தொடவே மாட்டார்" என்று சொல்லி, அதனால் டாக்டர் தப்பான பக்கம் போனதைப் பார்த்திருக்கிறேன். வெற்றிலை, சீவல், புகையிலையும் சொல்ல வேண்டிய விஷயம்தான். 50 வருஷம் ஒருநாள் விடாமல் புகையிலை போட்ட வாய்க்கு அது திடீரென்று நின்றால் ஒருவர் நிலைகொள்ளாமல் தவிப்பார். வெற்றிலைச் செல்லத்தைத் தேடித்தான் கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். வார்டில் புகையிலை கொடுங்கள் என்று சொல்ல வரவில்லை. டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி கையைக் கட்டியது. இதை நான் நியாயப்படுத்த மாட்டேன், ஆனால் ஏன் நடக்கிறது என்று சொல்கிறேன். ராத்திரி டூட்டியில் நானும் ஒரு ஆயாவுமாக 40 பேரைப் பார்த்த நாட்கள் உண்டு. ஒருவர் டியூபைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொருவருக்கு மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் காஸ் துணியை எடுத்துக் கட்டிவிட்டுப் போகத்தான் கை போகும். என் கையும் போயிருக்கிறது. கட்டினால் அவருக்கு என்ன ஆகும்? ஏற்கெனவே எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பயம். இப்போது உண்மையிலேயே பிடித்துவைத்துவிட்டோம். பயம் இரட்டிக்கும், திமிறுவார், மணிக்கட்டில் தோல் வழன்றுபோகும், புரண்டு படுக்க முடியாமல் முதுகு ஒரே இடத்தில் அழுந்தும். உங்கள் அப்பாவின் புண்ணுக்கும் அந்தக் கட்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. வேறு எந்த வழியும் இல்லாதபோது, டாக்டர் எழுதி, குடும்பத்துக்குச் சொல்லி, கொஞ்ச நேரத்துக்கு மட்டும், அடிக்கடி அவிழ்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம் அது. ராத்திரி கட்டி விடியும் வரை விடுவது தவறு.

ஊசியைப் பிடுங்குகிறார் என்றால், ஊசி போட்ட கையில் முழங்கை வரை பாண்டேஜ் சுற்றிச் சட்டைக் கையால் மறைத்துவிடலாம், கண்ணில் படாததைக் கை தேடுவது குறைவு. டிரிப்ஸ் உண்மையிலேயே இன்னும் தேவையா என்று கேட்கலாம். யூரின் டியூபை எடுக்க முடியுமா என்று தினமும் காலை ரவுண்ட்ஸில் கேட்டே ஆக வேண்டும். அந்த டியூப் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமி சேர வழி கூடிக்கொண்டே போகும். எல்லாவற்றுக்கும் மேலே, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பேருக்குக் கட்டே தேவைப்படாது. உங்கள் அக்காவை ராத்திரி வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வராந்தாவில் பாய் விரித்து அப்பா கத்துவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார் என்று படித்தபோது எனக்குத் தாங்கவில்லை. அவர் உள்ளே இருந்திருக்க வேண்டியவர். அவர் இருப்பது சிகிச்சையின் ஒரு பாகம்.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 1999-ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாரன் இனோயே என்ற மருத்துவரும் அவர் குழுவும் 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பாதிக்கு அதோடு சில எளிய காரியங்கள்: இன்று என்ன நாள், எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்வது, கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுவது, எழுப்பி நடக்க வைப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதில் சூடான பால் கொடுத்து முதுகைத் தடவிவிடுவது. வழக்கமான கவனிப்பில் 100-க்கு 15 பேருக்கு இந்தக் குழப்பம் வந்தது, இன்னொரு பக்கம் 10 பேருக்குக் கொஞ்சம் குறைவாக. அங்கே அதற்கென்று ஆட்களைப் பழக்கி அனுப்ப வேண்டியிருந்தது. நம் ஊரில் அண்ணி, மச்சான், பேரன், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு படையே சாப்பாட்டுக் கேரியரோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறது. அவர்களை முறை வைத்து உள்ளே அனுப்பினாலே போதும்.

உங்கள் அப்பா கத்தினார், அதனால் எல்லோருக்கும் தெரிந்தது. சத்தமே போடாமல் வருகிற குழப்பமும் உண்டு, அது இன்னும் மோசம். என் அம்மாவுக்கு அப்படித்தான் வந்தது. 79 வயதில் காய்ச்சலென்று எங்கள் ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது வேண்டாம். அம்மா கண்ணை மூடிப் படுத்தே இருந்தார். கேட்டால் "ம்" என்பார். ஊட்டினால் இரண்டு வாய். "உங்கம்மா ரொம்ப நல்ல பேஷண்ட், ஒரு தொந்தரவும் இல்லை" என்று அங்கிருந்த சிஸ்டர் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அம்மா வீட்டில் ஒரு நிமிஷம் வாய் ஓயாதவர். மார்கழியில் எதிர்வீட்டுக் கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் கூப்பிட்டுச் சொல்வார். அந்த ஆள் இரண்டு நாள் பேசாமல் கிடப்பதை நான், 25 வருஷ அனுபவத்துக்கு அப்புறம், "அசதி" என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் போனபோது அம்மாவின் காது மெஷின் லாக்கரில் துணியில் சுற்றிக் கிடந்தது. பல் செட் ஒரு டம்ளரில். கண்ணாடி என் கைப்பைக்குள். யார் என்ன சொன்னாலும் காதில் விழாமல், முகம் தெரியாமல், மெல்ல முடியாமல் என் அம்மா இரண்டு நாள் அந்தக் கட்டிலில் கிடந்திருக்கிறார். மெஷினை மாட்டி "அம்மா" என்றேன். கண்ணைத் திறந்து "எல்லாரும் எங்கடி போனீங்க" என்றார். மூத்திரத்தில் கிருமி, மருந்து மாற்றினார்கள், பத்து நாளில் தேறினார். அதற்குப் பிறகு என் வார்டில் எந்த வயதானவர் வந்தாலும் முதலில் கேட்பது, "கண்ணாடி, காது மெஷின், பல் செட் எங்கே?" என்றுதான். திருட்டுப் போய்விடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

அதனால், வீட்டுக்காரர்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தைச் சொல்லித்தருகிறேன். "அப்பா எப்பவும் இப்படி இருக்க மாட்டார். நேத்து வரைக்கும் நல்லா பேசிக்கிட்டிருந்தார். இது புதுசு." டூட்டி டாக்டர் அவரை முதல்முதலாக அந்தக் கோலத்தில்தான் பார்க்கிறார். பழைய அப்பாவை அவருக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். இதைச் சொல்லிவிட்டு, "சோடியம், சர்க்கரை, மூத்திரம் எல்லாம் பார்த்தாச்சா? மலம் போய் எத்தனை நாள்? மருந்து ஏதும் காரணமா?" என்று கேளுங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி வேண்டாம், ஆனால் பதில் வரும் வரை நின்று கேளுங்கள்.

சரி, இப்போது வீட்டில் என்ன செய்வது? சாயங்காலக் குழப்பம் இன்னும் இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். மூலகாரணம் சரியான பிறகும் தெளிவு வர வாரக்கணக்கில், சிலருக்கு மாசக்கணக்கில் ஆகும். மறதி நோய்க்கான சோதனையை இப்போது செய்யாதீர்கள், பொய்யான விடை வரும். மூன்று மாசம் போகட்டும். அதற்கப்புறமும் மறதி இருந்தால் ஒரு நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். இதை மறைக்க விரும்பவில்லை: இப்படி ஒரு தடவை குழம்பியவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட நன்றாகவே அதிகம். அதனால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாகக் காய்ச்சல் வந்தால், மறுபடி ராத்திரியோடு ராத்திரியாக மோசமானால், எழுப்பினால் எழாமல் தூங்கினால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

பகலில் படுக்க வைக்காதீர்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் எவ்வளவு பாரம் வைக்கலாம் என்று சொன்னாரோ அந்த அளவுக்கு வாக்கர் பிடித்து நிற்க, நடக்க வையுங்கள். திண்ணையில் வெளிச்சம் படுகிற இடத்தில் உட்கார வையுங்கள். தண்ணீர், மோர், கஞ்சி அவர் கேட்காமலே நேரத்துக்கு கொடுங்கள், இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவோடு. பொழுது சாயும் முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள், அரை இருட்டில் கொடியில் காயும் வேட்டிகூட ஆளாகத் தெரியும். அவர் இல்லாததைச் சொன்னால் "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை" என்று மல்லுக்கு நிற்காதீர்கள், தலையாட்டிப் பொய்யும் சொல்லாதீர்கள். "மடையைத் திறந்துட்டு வரணும்" என்று எழுந்தால், "தம்பி பார்த்துட்டு வந்துட்டான்பா, நீங்க வீட்லதான் இருக்கீங்க, மணி ஏழாவுது" என்று நடந்ததைச் சொன்னால் போதும். அதற்காக யாராவது உண்மையிலேயே ஒரு நடை வயலுக்குப் போய்வரட்டும்.

இன்னொன்று, இது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இருக்காது. தினமும் காலையில் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்தைப் படித்துக் காட்டுங்கள். எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. டெல்டாவில் விவசாயம் பார்த்த எந்த மனிதருக்கும் 120 அடி என்றால் அணை நிறைந்துவிட்டது என்று தூக்கத்திலும் தெரியும், ஜூன் 12 என்றால் குறுவைக்குத் தண்ணீர் திறக்கிற நாள் என்று தெரியும். "இன்னிக்கு என்ன கிழமை" என்று பரீட்சை வைத்தால் அவர் அவமானப்படுவார். "நேத்தைக்கு இன்னிக்கு ஒன்றரை அடி ஏறியிருக்குப்பா" என்றால் அவர் கணக்குப் போட ஆரம்பிப்பார், தேதியும் தன்னால் வந்து சேரும். என் வார்டில் இதை நிறையப் பேரிடம் செய்து பார்த்திருக்கிறேன், பேசாமல் கிடந்தவர்கள் "முறைப்பாசனம் வச்சுருவானுங்களே" என்று வாய் திறந்திருக்கிறார்கள்.

புண்ணுக்கு வருகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும், ராத்திரியிலும். ஆபரேஷன் ஆன பக்கமாகப் படுக்கலாமா என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், முழங்காலுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. காற்று ஏறி இறங்குகிற ஏர் பெட் கிடைத்தால் நல்லது, ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்று புரட்டுவதை நிறுத்தக் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டாம், அது சுற்றி உள்ள தோலுக்கு ரத்தம் போகாமல் அழுத்தும். தோல் சிவந்த இடத்தை அழுத்திப் பார்த்து, விரலை எடுத்த பிறகும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அங்கே புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கறுப்புத் தோலில் சிவப்பு தெரியாது, அங்கே சூடும் கல் போன்ற கெட்டியும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அதைத் தேய்க்காதீர்கள். திறந்த புண்ணில் மஞ்சள், பவுடர், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். ட்ரெஸ்ஸிங் எப்படி, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று நர்ஸிடம் கற்றுக்கொள்ளுங்கள். கறுத்துப்போனால், நாற்றம் அடித்தால், எலும்பு தெரிந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

சாப்பாட்டில்தான் நம் வீடுகளில் பெரிய தப்பு நடக்கிறது. முட்டை கொடுத்தால் சீழ் வைக்கும், மீன் கொடுத்தால் அரிக்கும் என்று ரசம் சாதத்திலேயே ஆளை வைத்துவிடுகிறார்கள். புண் ஆறுவதற்குத் தசை வளர வேண்டும், அதற்குப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, சுண்டல், தயிர், மீன் எல்லாம் கொடுங்கள். புண்ணுக்கு விரால் குழம்பு வைத்துக் கொடுப்பார்களே நம் பக்கத்தில், அதைத் தாராளமாகச் செய்யலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் அது கட்டுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எது கொடுத்தாலும் புண் ஆறாது.

தனியாக இதையெல்லாம் சுமக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும், படுக்கையில் இருப்பவர்களைக் கவனிப்பதும் உண்டு, காசு கிடையாது. உங்கள் ஊர் கிராம சுகாதார நர்ஸிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைக் கொடுங்கள். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

முறையீடு பற்றி. முதலில் கேஸ் ஷீட்டின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது: நர்ஸ் குறிப்பு, மருந்துச் சார்ட், ரத்தப் பரிசோதனை முடிவுகள், கையைக் கட்டியதற்கான உத்தரவு, பக்கம் மாற்றிப் படுக்க வைத்த பதிவு எல்லாம் வேண்டும் என்று எழுதுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருஷ நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பதிவுத் தபால். அந்தக் காகிதங்கள் வந்தால் நீங்கள் கேட்ட "எங்கே தவறியது" என்ற கேள்விக்கே பாதிப் பதில் கிடைத்துவிடும். சோடியம் பார்த்தார்களா, எந்த ராத்திரி என்ன ஊசி போட்டார்கள், புண் எந்தத் தேதியில் முதலில் எழுதப்பட்டது எல்லாம் அதில் இருக்கும். எழுதப்படாமல் இருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

மாவட்டத்தில் தனியார் ஆஸ்பத்திரிகளின் பதிவைப் பார்ப்பவர் நலப்பணிகள் இணை இயக்குநர். 1997-ஆம் வருஷத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி அவரிடம் புகார் கொடுக்கலாம். குறிப்பிட்ட டாக்டரின் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். நஷ்ட ஈடு கேட்பதாக இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்கிற மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்துவிட்டு மேலே பணமும் வாங்கியிருந்தால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள். என் அபிப்பிராயம், வழக்குக்குப் போவதற்கு முன் பதிவுகளோடு அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பான டாக்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். ராத்திரியில் ஒருவரை உடன் இருக்க விடுங்கள் என்று கேளுங்கள். அடுத்து அந்தக் கட்டிலுக்கு வரப்போகிறவரின் மகளாவது உள்ளே உட்காரட்டும்.

அங்கே சேர்த்ததே தவறா என்று உங்கள் அம்மா அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இல்லை என்று சொல்லுங்கள். இடுப்பெலும்பு முறிவுக்கு ஆபரேஷன் செய்யாமல் வீட்டில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தால் இந்தப் புண்ணைவிடப் பெரிய புண்ணும் நெஞ்சுச் சளியும் வந்திருக்கும், எத்தனையோ பேர் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் சரியான முடிவு. கவனிப்பில்தான் குறை.

இந்த வாரம் அவருக்கு சோடியம், சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை), மூத்திரப் பரிசோதனை நான்கையும் எடுத்துவிடுங்கள். முடிவுகளையும், இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் பெயரையும், புண் எத்தனை செ.மீ. அகலம், எவ்வளவு ஆழம் என்பதையும் எழுதுங்கள். பார்த்துவிட்டு அடுத்து எந்த டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். எழுதும்போது, பங்குனியிலிருந்து எந்த மாசம் வரைக்கும் இறங்கி வந்தார் என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.